களி உருண்டைக்குக் கணக்கு வைக்க எந்த ஆப்?

உடற்பயிற்சிக்கும் சாப்பாட்டுக்கும் கணக்கு வைக்க எந்த ஆப் நல்லது என்று கேட்டால் உடனே ஒரு பெயர் சொல்வார்கள். சொல்பவர் காலையில் ஓட்ஸ், இரவில் பிரெட் ஆம்லெட் என்று சாப்பிடுகிறவராக இருந்தால் அவருக்கு அது சரியாகவே வேலை செய்திருக்கும். குடியாத்தத்தில் காலையில் கூழ், மதியம் களியும் கருவாட்டுக் குழம்பும், இரவு தோசை என்று இருப்பவருக்கு அதே ஆப் முதல் நாளே திணறும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும் பழைய வடார்க்காட்டின் அடுப்பங்கரை பிரியவில்லை. அந்த அடுப்பங்கரையில் இருந்து பார்த்தால் ஆப் தேர்வு வேறு மாதிரி இருக்கும். நம் வீட்டுச் சமையலை நாமே ஒருமுறை எழுதிச் சேமித்துக்கொள்ள வசதி இருக்கிறதா, அது இலவசமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நட்சத்திர மதிப்பெண், வண்ண வண்ண வரைபடம், பயிற்சியாளர் அரட்டை எல்லாம் அப்புறம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆப்பில் வரும் எண் எங்கிருந்து வருகிறது என்பதைப் பெரும்பாலானோர் யோசிப்பதில்லை. இந்திய உணவுகளுக்கு நம்பத்தகுந்த அளவீடு ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினுடையது. 1918-ல் நம்ம குன்னூரில் பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய சின்ன ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய் இந்த நிறுவனமானது. அவர்கள் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுப் பொருட்கள் இருக்கின்றன. நாட்டின் பல பகுதிகளிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்தில் அளந்தவை. ஆனால் அவை பெரும்பாலும் சமைக்காத பொருட்கள். அரிசி, கேழ்வரகு, துவரம்பருப்பு, கத்திரிக்காய் என்று இருக்குமே தவிர, உங்கள் வீட்டுக் காரக்குழம்பு அதில் இருக்காது. ஆப்பில் ‘காரக்குழம்பு ஒரு கிண்ணம்’ என்று ஓர் எண் வந்தால், யாரோ ஒருவர் தன் செய்முறையை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. அவர் வீட்டில் தேங்காய் அரைத்து ஊற்றியிருக்கலாம், உங்கள் வீட்டில் வெறும் புளித்தண்ணீராக இருக்கலாம். குழம்பு, கொழம்பு, குளம்பு என்று ஆளுக்கொரு விதமாகத் தட்டச்சு செய்து ஏற்றியிருப்பதால் ஒரே பண்டத்துக்குப் பல பதிவுகள், பல எண்கள். தேடுகிறவர் எண் குறைவாக இருப்பதையே எடுப்பார். மனுஷ குணம்தானே.

களியை எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்துக் களிக்கு நொய் போட்டு வேகவைத்து, அதன்மேல் கேழ்வரகு மாவைக் கொட்டி, துடுப்பால் கிளறி உருண்டை பிடிப்பார்கள். நான்கு உருண்டைக்கு 250 கிராம் மாவு, 50 கிராம் நொய் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகுக்குச் சுமார் 320 கலோரி, அரிசிக்குச் சுமார் 356. மாவுக்கு 800, நொய்க்கு 178, ஆக மொத்தம் 980-க்குக் கொஞ்சம் குறைவு. நான்கால் வகுத்தால் உருண்டைக்கு ஏறக்குறைய 245. தண்ணீர் கூடக் குறைய ஊற்றினால் உருண்டையின் எடை மாறும், கலோரி மாறாது. அதனால்தான் வெந்த களியை எடை போட்டு ஆப்பில் தேடுவதைவிட, பாத்திரத்தில் போட்ட மாவை ஒருநாள் எடை போட்டு ‘எங்க வீட்டுக் களி, 4 உருண்டை’ என்று சேமித்து வைப்பது எவ்வளவோ மேல். அப்படிச் செய்தால் இன்னொரு லாபமும் உண்டு. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அப்படியானால் மேலே சொன்ன உருண்டை ஒன்றில் 225-க்கு மேல் வரும். தீட்டிய அரிசியில் 100 கிராமுக்குப் பத்துகூடத் தேறாது. கலோரியை மட்டும் காட்டும் ஆப்பில் களியும் சோறும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும். சத்துகளையும் காட்டுகிற ஆப்பில்தான் இந்த வித்தியாசம் கண்ணில் படும்.

சோற்றில் நடக்கும் குளறுபடி வேறு. 200 கிராம் வடித்த சோற்றை எடை போட்டுவிட்டு, ஆப்பில் வெறும் ‘அரிசி’ என்று இருப்பதைத் தட்டினால் 700 கலோரிக்கு மேல் காட்டும். அது பச்சையாக இருக்கும் அரிசியின் கணக்கு. வெந்த சோற்றுக்கு 260 பக்கம்தான் வரும். ‘சமைத்தது’ என்று போட்டிருக்கும் பதிவைத் தேடி எடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

கலோரிக் கணக்கில் பெரிய ஓட்டை எண்ணெய். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை வாங்கி நான்காகக் கீறி எண்ணெய்க் கத்திரிக்காய் வைத்தால், காய்க்கு மட்டும் கணக்குப் போட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் கத்திரிக்காய் எண்ணெயைக் குடிக்கிற காய். ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி, ஒரு பெரிய கரண்டி கூடுதலாக ஊற்றினால் அதிலேயே 120 ஏறிவிடும். இப்போது புதிதாக வருகிற ஆப்களில் தட்டைப் போட்டோ எடுத்தால் செயற்கை நுண்ணறிவு கலோரி சொல்கிறது. இட்லி எத்தனை, வாழைப்பழம் எத்தனை என்று எண்ண அது கெட்டி. காய்க்குள் இறங்கிய எண்ணெய் போட்டோவில் எப்படித் தெரியும்? சமைக்கிறவரிடம் கேட்டாலும் விடை கிடைக்காது.

“ஏம்மா, இதுல எவ்ளோ எண்ணெ ஊத்தின?”

“அதெல்லாம் கை அளவுதான், அளந்தா ஊத்துவாங்க?”

இதற்கு எந்த ஆப்பும் தராத ஒரு வழி இருக்கிறது. மளிகைச் சீட்டைப் பாருங்கள். நான்கு பேர் இருக்கும் வீட்டில் மாதம் 3 லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்றால் அது சுமார் 2,750 கிராம். நான்கு பேர், முப்பது நாள் என்று வகுத்தால் ஆளுக்கு நாளைக்கு 23 கிராம், 200 கலோரிக்குச் சற்று மேல். குழம்பில் எவ்வளவு, பொரியலில் எவ்வளவு என்று தலையை உடைத்துக்கொள்ளாமல், ஆப்பில் தினமும் ‘எண்ணெய் 23 கிராம்’ என்று தனியாக ஒரு வரி போட்டுவிட்டு, மற்ற பண்டங்களை எண்ணெய் இல்லாத கணக்கில் எழுதலாம். வீட்டுச் சாப்பாட்டைப் பொறுத்தவரை போட்டோ காட்டுகிற கலோரிக் கணக்கைவிட இது நெருக்கமாக வரும் என்பது என் கட்சி. மாதம் 5 லிட்டர் தீர்கிற வீடாக இருந்தால் ஆப் இல்லாமலேயே விஷயம் புரிந்துவிடும்.

ஆம்பூர் பிரியாணிக்கு வருவோம். சீரகச் சம்பா, கறி, எண்ணெய், கூடவே கத்திரிக்காய்ப் பச்சடி. கடைக்குக் கடை கறியின் அளவும் எண்ணெயும் மாறும். ஆப்பில் ‘மட்டன் பிரியாணி ஒரு பிளேட்’ என்று துல்லியமாக 487 என்று காட்டினாலும் 612 என்று காட்டினாலும் அந்தக் கடைசி இலக்கங்களுக்கு அர்த்தம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு 800 என்று உத்தேசமாகப் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடலாம். வாரத்தில் மற்ற ஆறு நாட்களின் கணக்கு ஒழுங்காக இருந்தால் இது பெரிதாகக் கெடுக்காது.

இனி ஆப்கள். மைஃபிட்னஸ்பால் 2005-ல் அமெரிக்காவில் தொடங்கியது. பயனர்களே ஏற்றிய பதிவுகள் கோடிக்கு மேல் இருப்பதால் எதைத் தேடினாலும் ஏதாவது கிடைக்கும். அதுவே அதன் பலம், அதுவே பலவீனம். பாக்கெட் உணவுகளுக்குக் கைகொடுத்த பார்கோடு ஸ்கேன் 2022 அக்டோபரில் கட்டணப் பகுதிக்குள் போய்விட்டது. ஹெல்திஃபைமீ 2012-ல் பெங்களூருவில் பிறந்தது. இட்லி, சாம்பார், பொங்கல், ரசம் எல்லாம் கிண்ணக் கணக்கிலும் எண்ணிக்கையிலும் இருக்கும் என்பதால் நமக்குத் தொடங்க எளிது. ஆனால் உணவு ஆலோசகர் திட்டங்களை வாங்கச் சொல்லி விடாமல் கூப்பிடும் ரகம். அதைப் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். குரோனோமீட்டர் கனடாவைச் சேர்ந்தது. ஆய்வுக்கூட அட்டவணைகளை அடிப்படையாக வைத்திருப்பதாலும், பயனர் அனுப்பும் பதிவுகளைச் சரிபார்த்தே சேர்ப்பதாலும் எண்கள் நம்பகமானவை. வைட்டமின், இரும்பு, சோடியம், பொட்டாசியம் என்று எண்பதுக்கும் மேற்பட்ட சத்துகளைக் காட்டும். நம்ம பண்டங்கள் அதில் குறைவு. நானாக இருந்தால் அதையே எடுத்து, வீட்டில் திரும்பத் திரும்பச் செய்யும் பதினைந்து இருபது பண்டங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதி வைத்துவிடுவேன். ஒரு குடும்பத்தில் வாரத்துக்கு அதற்கு மேல் வகை செய்வதில்லை, எண்ணிப் பாருங்கள். எழுதச் சோம்பல், கிடைப்பதை வைத்து ஒப்பேற்றினால் போதும் என்கிறவருக்கு ஹெல்திஃபைமீதான் பொருந்தும்.

சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ ஜிம்முக்குப் போகிறவர்கள் எடை, எண்ணிக்கை எழுதி வைக்கத் தனி ஆப்பே வைத்துக்கொள்ளலாம். சாப்பாட்டு ஆப்பின் உடற்பயிற்சிப் பகுதி பொதுவாகவே சும்மா பெயருக்கு இருக்கும். ஆண்ட்ராய்டில் ஹெல்த் கனெக்ட் என்ற பாலம் 14-ஆம் பதிப்பிலிருந்து போனுக்குள்ளேயே வருகிறது. வெவ்வேறு ஆப்கள் அதன் வழியாக ஒன்றுக்கொன்று தகவல் பரிமாறிக்கொள்ளும். எல்லாம் ஒரே ஆப்பில் இருக்கவேண்டும் என்று தேடி அலைய வேண்டாம்.

ஆப்பைத் திறந்தவுடன் வயது, உயரம், எடை கேட்டு ‘உங்களுக்கு நாளைக்கு இத்தனை கலோரி’ என்று ஓர் எண்ணைக் கொடுக்கும். பல ஆப்கள் இதற்கு 1990-ல் வெளியான மிஃப்ளின் சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றன. 70 கிலோ எடை, 165 சென்டிமீட்டர் உயரம், 45 வயது ஆண் என்றால் சும்மா படுத்திருந்தாலே 1,511 கலோரி செலவாகும் என்று அது சொல்கிறது. உட்கார்ந்த வேலை என்று தேர்ந்தெடுத்தால் அதை 1.2-ஆல் பெருக்கி 1,813. ‘ஓரளவு சுறுசுறுப்பு’ என்று தட்டினால் 1.55-ஆல் பெருக்கி 2,342. ஒரே ஆள், ஒரு தட்டலில் 529 கலோரி வித்தியாசம், கிட்டத்தட்ட ஒருவேளைச் சாப்பாடு. ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்கிறவர் எதைத் தட்டுவது? குடியாத்தத்தில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்து பீடி சுற்றுகிற அம்மாவுக்கு வீட்டு வேலை வேறு இருக்கிறதே, அது எதில் சேர்த்தி? அதனால் எப்போதும் குறைந்த வகையைத் தேர்ந்தெடுத்து இரண்டு மூன்று வாரம் எழுதிப் பார்த்து, எடை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வைத்து இலக்கைத் திருத்துவதுதான் முறை. இலக்கை நம் கையால் மாற்ற விடாத ஆப்பைத் தொடவே வேண்டாம்.

எடைக்கும் இதே கதைதான். உயரத்துக்கு ஏற்ற எடை என்று உடல் நிறைக் குறியீட்டைக் காட்டும்போது வெளிநாட்டு ஆப்கள் 25 வரை பச்சை நிறத்தில் காட்டும். இந்தியர்களுக்கு 23-லேயே கூடுதல் எடை, 25-க்கு மேல் பருமன் என்பது இங்கே மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் வரையறை. நமக்கு எடை குறைவாக இருக்கும்போதே வயிற்றில் கொழுப்பு சேரும், சர்க்கரையும் வரும். 24.5-ல் நிற்பவரை ஆப் தட்டிக்கொடுக்கும், டாக்டர் இடுப்பளவை எடுப்பார்.

கையில் கட்டும் வாட்ச் பற்றி ஒரே ஒரு ஆய்வைச் சொன்னால் போதும். 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை 5 சதவீதத்துக்குள் சரியாகக் காட்டின. செலவான கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். பின்னர் வந்த கருவிகள் தேறியிருக்கலாம், ஆனாலும் துடிப்பை வைத்துக் கலோரியை ஊகிப்பதில் அடிப்படைச் சிக்கல் ஒன்று இருக்கிறது. அக்கினி நட்சத்திரத்தில் வேலூர் வெயிலில் கோட்டையை ஒரு சுற்று நடந்தால், மார்கழியில் அதே சுற்றுக்கு அடிப்பதைவிட இதயம் வேகமாக அடிக்கும். உடலைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்கு ஓடுவதால் வரும் வேகம் அது. வாட்ச் அதை உழைப்பு என்று எடுத்துக்கொண்டு கலோரியைக் கூட்டிவிடும். பல ஆப்கள் இப்படிச் ‘செலவான’ கலோரியை அன்றைய சாப்பாட்டுக் கணக்கில் திருப்பிச் சேர்க்கும். 400 எரித்தீர்கள், இன்னும் 400 சாப்பிடலாம் என்று சொல்லும். அமைப்புகளுக்குள் போய் அதை அணைத்துவிடுங்கள். ஆப் போட்டதும் முதல் வேலையாக இதைத்தான் செய்யச் சொல்வேன்.

பத்தாயிரம் காலடி என்ற இலக்கும் மருத்துவத்திலிருந்து வந்ததல்ல. 1965-ல் ஜப்பானில் ஒரு நிறுவனம் தன் காலடி எண்ணும் கருவிக்கு வைத்த விளம்பரப் பெயர் அது. 2019-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், வயதான பெண்களில் நாளைக்கு 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. 7,500 வாக்கில் அந்தப் பலன் சமதளமாகிவிட்டது. அறுபது வயது தாண்டியவர்கள் இரவு சாப்பிட்ட பிறகு மொட்டை மாடியில் மூச்சிரைக்க நடந்து பத்தாயிரத்தை நிறைவு செய்யத் தேவையில்லை. காலடி எண்ணுவதற்கு என்று தனியாக எதையும் வாங்கவும் வேண்டாம், போனில் ஏற்கெனவே இருப்பது போதும். மேடு பள்ளமான சாலையில் பைக்கில் போகும்போது சில போன்கள் அதையும் நடையாக எண்ணிக்கொள்ளும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடர்ந்து எத்தனை நாள் எழுதினீர்கள் என்று காட்டி உசுப்பேற்றும் வசதி எனக்குப் பிடிப்பதில்லை. ஆடிக் கிருத்திகைக்கு விரதம் இருந்தால் ‘மதிய உணவு பதியவில்லை’ என்று மணி அடிக்கும். மேல்விஷாரத்திலும் வாணியம்பாடியிலும் ரம்ஜான் மாதம் முழுக்க நோன்பு இருப்பவருக்கு முப்பது நாளும் ‘போதுமான அளவு சாப்பிடவில்லை’ என்று பகல் பொழுதில் அறிவுரை வரும். ராத்திரி ஷிப்டு பார்க்கிறவருக்கு நள்ளிரவு பன்னிரண்டுக்கு நாள் மாறிவிடுவதால் ஒரு வேளைச் சாப்பாடு இரண்டு தேதியில் விழும். உணவு வேளைகளின் பெயரையும் நேரத்தையும் மாற்றவும், நினைவூட்டலை நிறுத்தவும் முடிகிற ஆப்பாகப் பாருங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ஆப் சொன்னது என்று திடீரென்று சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்கு ஏற்றபடி இருக்கும், சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு உப்பும் பொட்டாசியமும் முக்கியம், அதைக் காட்டாத ஆப்பால் பயனில்லை. பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் பெயர்போன ஊரில் இருக்கிறோம், டயட்டீஷியனைப் பார்ப்பது இங்கே கஷ்டமான காரியம் இல்லை. போகும்போது இரண்டு வாரக் கணக்கை அச்செடுத்துக்கொண்டு போனால் அந்தப் பதினைந்து நிமிடம் உருப்படியாகப் போகும். சாப்பாட்டைப் பற்றியே சதா கவலைப்படுகிற சுபாவமோ, பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட அனுபவமோ இருக்கிற பிள்ளைகளுக்குக் கலோரி ஆப் எதுவும் வேண்டாம்.

தகவல் பாதுகாப்பை யாரும் கண்டுகொள்வதில்லை. 2018-ல் மைஃபிட்னஸ்பாலில் சுமார் 15 கோடிக் கணக்குகளின் பயனர் பெயர், மின்னஞ்சல், மறையாக்கம் செய்த கடவுச்சொல் திருடு போனது. வங்கிக்கு வைத்திருக்கும் கடவுச்சொல்லையே இங்கும் வைக்காதீர்கள். ஓடிய, நடந்த தடத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப் வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களுக்குள் வீரர்கள் ஓடிய தடங்கள் பளிச்சென்று தெரிந்தது 2018 ஜனவரியில் பெரிய செய்தியானது. ராணுவ வீரருக்கு மட்டுமான பிரச்சினை இல்லை இது. காந்தி நகரில் தினமும் காலை ஐந்தரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பும் பெண்ணின் வீட்டு வாசல் வரைபடத்தில் ஊருக்கே தெரியலாம். நடைபயணத்தின் தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் அமைப்பு அதில் உண்டு, போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, ஆப் எப்போது வேண்டுமானாலும் மூடப்படலாம். அமெரிக்க அரசே நடத்திய சூப்பர் டிராக்கர் 2018 ஜூனில் நின்றது. ஓட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திய எண்டோமோண்டோ 2020 கடைசியோடு மூடியது. எழுதியதை எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ள முடியுமா, அதற்குக் காசு கேட்கிறதா என்று சேரும் முன்பே பார்த்துவிடுங்கள்.

காசு விஷயத்தில், ஏழு நாள் இலவசம் என்று சொல்லி, தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் யுபிஐ ஆட்டோபே அனுமதியைக் கேட்பதுதான் வழக்கமான வலை. ஆப்பை போனிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது. ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் வரவேண்டும், ஆனால் 15,000 ரூபாய் வரையிலான சந்தாவுக்கு ஒவ்வொரு முறையும் உங்கள் ஒப்புதலைத் தனியாகக் கேட்கத் தேவையில்லை. அந்தக் குறுஞ்செய்தி நூறு விளம்பரச் செய்திகளுக்கு நடுவே கிடக்கும். கூகுள் பே, போன்பே இரண்டிலும் ஆட்டோபே என்று ஒரு பகுதி இருக்கிறது. அதற்குள் போய்ப் பார்த்தால் எதெதற்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று தெரியும், அங்கேயே ரத்தும் செய்யலாம். பிளே ஸ்டோர் வழியாகச் சேர்ந்திருந்தால் அங்குள்ள சந்தாப் பகுதியிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.